மழையில் கிடக்கும் ஆயில் இஞ்சினைக் காப்பாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
பழைய அரிசி ஆலை இஞ்சின் டிரைவரின் மகன்,
ஓய்வு பெற்ற லேத் தொழிலாளி,
காரைக்குடி வட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: அலுவலக வளாகத்தில் திறந்தவெளியில் கிடக்கும் பழைய ஆயில் இஞ்சினை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கி, அருங்காட்சியகத்தில் வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சித்திரையில் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்த மனு. 2. ஆடியில் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு. இரண்டுக்கும் பதில் வரவில்லை.

ஐயா, வணக்கம்.

இடம் தங்களுக்குத் தெரியும். புதுவயல் சாலையை அகலப்படுத்தியபோது மூடிக் கிடந்த அரிசி ஆலையின் இஞ்சின் ரூமை இடித்தார்கள். உள்ளே இருந்த இஞ்சினை ஜேசிபி வைத்துப் பெயர்த்து, தற்காலிகமாக என்று சொல்லி, அலுவலக வளாகத்து வேப்பமரத்தடியில் இறக்கினார்கள். கோடையில் தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது வண்டி நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் அது கிடந்தது. தாங்கள் பார்த்திருக்கலாம். அதைப் பற்றிக் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

1. அது இங்கிலாந்தில் லிங்கன் நகரத்து ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி கம்பெனி செய்த இஞ்சின். ரஸ்டனும் ஹார்ன்ஸ்பியும் தனித்தனிக் கம்பெனிகளாக இருந்து 1918-ல்தான் ஒன்றாயின. இஞ்சினின் பெயர்த் தகட்டில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருந்ததால் இது அதற்குப் பிறகு வந்தது. ஆனால் வேலை செய்யும் முறை அதைவிடப் பழையது. ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்பவர் 1890-ல் காப்புரிமை வாங்கிய முறை அது. ருடால்ஃப் டீசலின் இஞ்சின் சரியாக ஓடிக் காட்டியது 1897-ல்தான்.

2. இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. தலைப்பக்கம் ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். ஊதுவிளக்கை வைத்து அதைப் பத்து, பதினைந்து நிமிடம் காய்ச்ச வேண்டும். குமிழ் காய்ந்ததும் என் அப்பா பிளைவீல் என்ற கனத்த சக்கரத்தில் கைபோட்டு முன்னும் பின்னும் ஆட்டி, ஒரு தம் பிடித்து இழுப்பார். முதல் வெடி கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். அப்புறம் ஊதுவிளக்கு தேவையில்லை, ஓடுகிற சூட்டிலேயே குமிழ் காய்ந்துகொள்ளும். பட்டை மாட்டினால் நெல்லின் உமி நீக்கும் ஹல்லர் ஓடும். புதுவயல் பக்கம் இன்று இத்தனை ஆலைகள் ஓடுகின்றன, எல்லாம் கரண்ட் மோட்டார். கரண்டுக்கு முன்னால் நெல் அரைத்தது இந்த மாதிரி இஞ்சின்கள்தான். என் வீட்டு அடுப்பு எரிந்ததும் அதனால்தான்.

3. ஐயா, எனக்கு மிகவும் வலிப்பது மழை. பெயர்க்கும்போது புகைக்குழாயை அடியோடு உடைத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் இப்போது ஒரு ஓட்டை வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. புகை வால்வு பாதி திறந்தபடி இறுகிக் கிடப்பதால், பெய்கிற மழை அந்த ஓட்டை வழியாக நேரே சிலிண்டருக்குள் இறங்குகிறது. மேலே ஏறுகிற துருவைச் சுரண்டிவிடலாம். உள்ளே பிஸ்டன் வளையம் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டால், பிரிப்பதற்குள் இரண்டில் ஒன்று உடையும். நாற்பது வருடம் லேத்தில் நின்றவன் என்பதால் சொல்கிறேன்.

வைகாசி வரை வாரம் ஒருமுறை போய், மண்ணெண்ணெயும் இஞ்சின் ஆயிலும் கலந்து அந்த ஓட்டையில் ஊற்றி, கோணியைச் சுருட்டி அடைத்துவிட்டு வந்தேன். இரண்டு பேரன்களையும் கூட்டிப்போய் பிளைவீலைக் கால் சுற்று அசைத்துப் பார்த்தேன், அசைந்தது. ஆனியில் காவலர் என்னை உள்ளே விடவில்லை, உத்தரவு வேண்டும் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆவணியில் ஒரு இரவு மழை கொட்டியது. மறுநாள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கோணி கீழே கிடந்தது, ஓட்டையின் விளிம்பு வரை செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் நின்றது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

பெயர்த் தகடும் போய்விட்டது. பித்தளை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா புளியும் சாம்பலும் போட்டு அதைத் துலக்குவார், எழுத்தின் இடுக்குகளைத் தென்னங்குச்சியால் குத்தி எடுக்கும் வேலை எனக்கு. இப்போது அந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள்தான் மிச்சம். எண்ணெய்க் கிண்ணங்கள் இரண்டும் இல்லை. ஒரு தார்ப்பாய் போட்டு மூட எத்தனை மாதம் வேண்டும் ஐயா? ஐப்பசி வந்துவிட்டால் இங்கே அடைமழை. கோப்பு மேசை மேசையாக நகரட்டும் என்று மழை காத்திருக்குமா?

4. இப்போது ஏல அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். உடைந்த மேசை, தெருவிளக்குக் கம்பம், பழைய டயர், அதற்குக் கீழே "பழைய இரும்பு – 1". அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அது இரும்பு இல்லை ஐயா, இஞ்சின்.

5. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனாமல் தூக்குச்சட்டிக்கும் மரத்தூணுக்கும் எங்கிருந்தோ வந்து விலை கேட்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்கையும் பார்க்க வருகிறார்கள். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் செட்டிநாடு என்றால் வீடு மட்டுமா? இங்கே வேலையும் நடந்தது. 1897-ல் ஓடிய டீசல் இஞ்சினை முனிச்சில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பாய்ண்டன் என்ற ஊரில், மூடிய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்திலேயே இஞ்சின்களுக்கென்று அன்சன் அருங்காட்சியகம் வைத்து, பழையவற்றை ஓட்டியும் காட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் ஏன்? 1855-ல் செய்த ரயில் இஞ்சின் ஒன்று, நூறு வருடத்துக்கு மேல் வெறும் காட்சிப் பொருளாக நின்றதை, பெரம்பூர் பணிமனையில் செப்பனிட்டு 2010-ல் சென்னையில் ஓட்டினார்கள். ஓட்டியது நம் ஆட்கள்தான்.

துருவைப் பற்றியும் ஆராய்ச்சி செய்யும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953-ல் திறந்த ஆய்வகம். தாங்கள் ஒரு கடிதம் எழுதி ஆலோசனை கேட்டால் போதும், எதைத் தடவலாம், எதைத் தடவக்கூடாது என்று தெரிந்துவிடும்.

6. ஆகவே ஏலத்தை நிறுத்துங்கள். இஞ்சினை மட்டுமாவது பட்டியலிலிருந்து எடுங்கள். அப்புறம் மாவட்ட அருங்காட்சியகத்திலோ, கானாடுகாத்தானில் வெளியூர்க்காரர்கள் வரும் இடத்திலோ, கூரை போட்ட ஒரு மூலை கொடுங்கள். தூக்கி நிறுத்தும்போது செயினை பிளைவீலில் மாட்டக் கூடாது, அடிச்சட்டத்தில் மாட்ட வேண்டும். போன தடவை பிளைவீலில்தான் மாட்டினார்கள், நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பிளைவீலைத் தாங்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையில் எண் வெட்டியிருக்கிறது. அதை யாராவது ராவி எடுப்பதற்குள் படம் எடுத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். தகடு போன பிறகு அதன் வயதைக் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

7. இதெல்லாம் நடக்க நாள் ஆகும் என்று எனக்கும் தெரியும். அதுவரைக்கும் மூடி வைக்கவாவது உத்தரவிடுங்கள். மறுபடியும் கேட்கிறேன் ஐயா, மூடி வைக்க உத்தரவிடுங்கள். தார்ப்பாயை நானே வாங்கி வைத்திருக்கிறேன், பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடி, கயிறும் இருக்கிறது. அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. என்னை உள்ளே விடச் சொல்லித் தங்கள் கையெழுத்தில் ஒரு வரி கொடுத்தால், அன்றைக்கே சிலிண்டரில் இருக்கும் தண்ணீரை இறைத்து, எண்ணெய் ஊற்றி, மூடிக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், பதிவுத் தபால் ரசீது, ஏல அறிவிப்பின் படம், வேலிக்கு வெளியே இருந்து எடுத்த இஞ்சின் படங்கள் நான்கு.