தடைக்காலம் கடலுக்கு, ஏரிக்கு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழின் கோடைச் செய்திப் பக்கத்தில், "தடைக்காலம் என்பதால் பழவேற்காடு ஏரிக்கரை மீனவர்கள் வலைகளைச் சுருட்டி வைத்துவிட்டு ஓய்வெடுக்கின்றனர்" என்று ஒரு வாக்கியம் வந்திருந்தது. ஏரியின் ஆந்திரக் கரையில் வசிக்கும் நான், பொன்னேரியில் அத்தை வீட்டில் தங்கித் தமிழ் படித்தவள்; தெலுங்குப் பள்ளியில் படித்த என் தம்பிக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால், நாள்தோறும் தங்கள் இதழை நான்தான் அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன். அன்று விடியுமுன் ஏரிக்குப் போய், உச்சி வெயிலில் கைப்பிடி இறாலோடு திரும்பியிருந்தவன், "அதை இன்னொரு தடவை படி அக்கா" என்றான். நான் படிக்கவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை, கடலில் செல்லும் விசைப்படகுகளுக்கானது என்பது தாங்கள் அறியாததன்று. கோல் ஊன்றியும் பாய் விரித்தும் ஏரியில் செல்லும் எங்கள் படகுகளை அது கட்டுப்படுத்தாது. தடைக்கால உதவித்தொகையும் என் தம்பிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. தொழிலுக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. போனாலும் கோடையில் ஏரி தருவது கொஞ்சம்தான்.

அந்தக் குறைவுக்கான காரணத்தை எழுதியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். வெயில் ஏற ஏற, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிடுகிறது. கடல்நீர் உள்ளே வந்து போவது நின்றால், இறால் குஞ்சும் நண்டும் மடவை மீனும் வருவதும் குறைந்துபோகிறது. மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீராக இருக்கும் அதே ஏரி, முகத்துவாரம் அடைபட்ட கோடையில் கடலைவிட உவர்ப்பாகிவிடுகிறது. எங்கள் ஆந்திரப் பக்கத்தின் வடபகுதியோ தண்ணீர் வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போட்ட சாலை நீரோட்டத்தைத் தடுக்கிறது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். முழங்கால் சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும், பறி எனும் பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் தங்கள் செய்தியாளரின் கண்ணில் படாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இது முதல் முறையும் அன்று. முன்பொரு கோடையில் வந்த கட்டுரையில், 1613இல் எழுந்த டச்சுக் கோட்டைக்கும் டச்சுக் கல்லறைகளுக்கும் மூன்று பத்திகள் கிடைத்தன. உயிரோடிருக்கும் எங்களுக்கு ஒரு வரியும் இல்லை. கோடைக் குறிப்பு எதுவானாலும் மேலே பூநாரைக் கூட்டத்தின் படம் இருக்கிறது. பனிக்காலத்தில் கூட்டமாக நிற்கும் பறவைகளை நம்பி மே மாதத்தில் குழந்தைகளோடு வந்து, வெறும் ஏரியைப் பார்த்து முகம் வாடித் திரும்பிய குடும்பங்களுக்கு என் வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். ராக்கெட் ஏவும் நாளில் அதன் படம் முதல் பக்கத்தில் வருகிறது. அன்று கடலுக்குப் போகக் கூடாது என்று நிறுத்தப்பட்ட படகுகளைப் பற்றி நான் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு சொல் இருப்பதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் தமிழ் இதழ்களுக்கு நாங்கள் பக்கத்து மாநிலத்துச் செய்தி ஆகிவிட்டோமோ என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், எங்கள் வீடுகளில் அழுவதும் தாலாட்டுவதும் தமிழில்தான்.

நான் கேட்பது பெரிதன்று. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த வாக்கியம் தவறு என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அடுத்த முறை செய்தியாளரை அனுப்பும்போது விடியற்காலை நான்கு மணிக்குப் படகுத்துறைக்கு வரச் சொல்லுங்கள். என் தம்பி அவரைப் படகில் ஏற்றிச் செல்வான். திருத்தம் வெளிவரும் நாளில் அதை அவனுக்கு நானே இரண்டு தடவை படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஏரிக்கரைக் கிராமம், தடா மண்டலம்.