கராஜ் கதவை இறக்கிவிட்டு ஹீட்டர் போடும் அண்ணன் தம்பிகளுக்கு

தென்னாப்பிரிக்காவில் லெனேசியா, லாடியம், ஆக்டன்வில் பக்கம் வீட்டு கராஜையே பட்டறையாக்கிப் பிழைக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

ஜூன் வந்தாச்சு, இங்கே குளிர்காலம். காலை ஆறு மணிக்கு ஸ்பேனரைக் கையில் எடுத்தால் ஐஸ் கட்டியைப் பிடித்த மாதிரி இருக்கிறது. கடலோர டர்பனில் இருக்கும் என் மச்சானுக்கு இது புரியவே புரியாது, ஜூலையிலும் செருப்பு போட்டுக்கொண்டு திரிகிற ஆள். நமக்கு வேறு வழியில்லை, ஹீட்டர் வேண்டும், அதை வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கதவை முழுக்க இறக்கிவிட்டு, இடுக்கில் பழைய கோணிச் சாக்கையும் திணித்துவிட்டு, உள்ளே கேஸ் ஹீட்டர் போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான்.

நானும் அதைச் செய்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023ல் லோட்ஷெட்டிங், அதாவது மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது, சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் ஒன்று, பின்னால் 9 கிலோ சிலிண்டர் வைப்பது, வாங்கிப் போட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை அணைந்துபோகும். மறுபடி பற்றவைத்தால் கொஞ்ச நேரம் எரியும், மறுபடி அணையும். எரிச்சலில் ஒரு நாள் முன்பக்கத்தைக் கழற்றி உள்ளே கொஞ்சம் 'வேலை' பார்த்தேன், அப்புறம் அது அணையவே இல்லை. பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி, கொரோல்லாவின் கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன். 13 ஸ்பேனர் வேண்டும், 14ஐ எடுக்கிறேன். வைத்துவிட்டுத் திரும்பவும் 14ஐத்தான் எடுக்கிறேன். மூன்றாவது தடவையும் அதே. நட்டு கண்ணுக்குத் தெரிகிறது, கை அங்கே போகமாட்டேன் என்கிறது. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கின மாதிரி வலி, வயிற்றைப் புரட்டியது. சளிக் காய்ச்சல் வருகிறது போல, வேலையை முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பேத்தி டீ கொண்டுவந்து பக்கக் கதவைத் திறந்தாள், 'தாத்தா ஏன் தூங்குறீங்க' என்று கேட்டாள். நான் தூங்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்பன் மோனாக்சைடு. காற்று பற்றாமல் எரிகிற தீ கக்கும் விஷ வாயு. நிறமில்லை, வாசமில்லை, கண் எரியாது, இருமலும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. வெளியே வந்து நல்ல காற்றை இழுத்தாலும், ஏறினதில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். இதில் மோசமான விஷயம், 'ஏதோ சரியில்லை, எழுந்து வெளியே போ' என்று சொல்ல வேண்டிய மூளையைத்தான் அது முதலில் மந்தமாக்குகிறது. அதனால் 'தலை வலித்தால் வெளியே வந்துவிடுவேன்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நான் வரவில்லையே.

நான் எரிச்சலில் கெடுத்த அந்தச் சமாச்சாரம் என்ன என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பைலட் தீ, அதாவது உள்ளே எப்போதும் எரிகிற சின்னச் சுடர், ஒரு சின்னத் தர்மோகப்பிளின் (சூட்டை உணர்கிற கம்பி) நுனியைச் சுட்டுக்கொண்டே இருக்கும். அறையில் ஆக்சிஜன் குறைந்தால் தீ நுனியை விட்டு விலகும், நுனி ஆறும், வால்வு கேஸை மூடிவிடும். ஆக, அரை மணிக்கு ஒரு தடவை ஹீட்டர் என்னிடம் காற்று இல்லை, காற்று இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது, நான் அதன் வாயை அடைத்தேன். சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும்: ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு 1700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்றே மெலிசு, டர்பனில் ஒழுங்காக எரிகிற ஹீட்டர் இங்கே சீக்கிரம் அணையலாம். எவ்வளவு உயரம் வரை சரிப்படும் என்று சில ஹீட்டர்களின் புத்தகத்திலேயே போட்டிருக்கும், வாங்கும்போது பாருங்கள். அணைந்துகொண்டே இருந்தால் கதவைத் திறங்கள், அப்போதும் அணைந்தால் பதிவுபெற்ற கேஸ் ஆளிடம் கொடுங்கள். நீங்களே கழற்றாதீர்கள். இன்னொன்று, அந்தக் கருவி ஆக்சிஜன் குறைவதை மட்டும்தான் பார்க்கும், கார்பன் மோனாக்சைடை அது அளப்பதில்லை. பர்னரில் தூசி அடைத்து மஞ்சளாக எரியும் ஹீட்டர், ஆக்சிஜன் போதுமான அறையிலும் விஷத்தைக் கக்கும். அதற்குத் தனி அலாரம் வேண்டும்.

அடுத்தது குழி. கராஜில் பிட், அதாவது காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழி, வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், பெட்ரோல் ஆவியும் கனம், தின்னர் ஆவியும் அப்படியே. மூன்றும் தரையோடு ஊர்ந்து குழியில் போய்த் தங்கும். குழிக்குள் இருப்பது யார்? முதலாளி இல்லை, வேலை கற்க வந்த பையன். கதவைத் திறக்கச் சொல்ல அவனுக்கு வாய் வராது, சொன்னால் 'குளிர் தாங்காதவன்' என்று நாம்தான் கேலி செய்கிறோம். டேங்க் கழற்றும்போது, ஸ்ப்ரே அடிக்கும்போது, ஹீட்டர் தூரத்தில் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், அணைத்தே ஆக வேண்டும். பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த வகை உண்டு, அதன் ஆவி தீயில் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும், முதல் உலகப் போரில் சிப்பாய்களைக் கொன்ற வாயு அது.

பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டர்காரர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: பெட்ரோல் இருந்த கேனில் பாரஃபின் வாங்காதீர்கள், அடியில் மிச்சமிருந்த பெட்ரோல் கொஞ்சம் கலந்தாலே வெடிக்கும். அப்புறம் இம்பாவுலா, ஓட்டை போட்ட தகர டின்னில் கரி எரிக்கிற கணப்பு. வெளியே எரியவிட்டு, புகை நின்றதும் 'இனிப் பயமில்லை' என்று தூக்கி உள்ளே வைக்கிறோமே, புகையில்லாமல் சிவந்து கிடக்கும் அந்தக் கரிதான் அதிகம் கொல்வது.

இதெல்லாம் பட்டறைக்காரர்களுக்கு மட்டும் என்று வீட்டம்மாக்கள் விட்டுவிட வேண்டாம். ஆடி வருகிறது, மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சப் பாதி வீடுகளில் கராஜ்தான் அடுக்களை. விடியற்காலை குளிர்காற்றுக்குக் கதவை இறக்கிவிட்டுப் பெரிய கேஸ் அடுப்பு எரிப்பதும் இதே கதைதான்.

உயிருக்குப் பயப்படாதவர்கள் இரும்புக்காவது பயப்படுங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். ஹீட்டரின் மூன்று பேனலும் எரிந்தால் மணிக்கு அரை லிட்டர் என்று வையுங்கள். அதெல்லாம் போய் ஒட்டுவது உங்கள் லேத்திலும் டூல்பாக்ஸிலும்தான். 'என் சாமானெல்லாம் ஏன் இப்படித் துருப்பிடிக்குது' என்று என்னிடம் கேட்டவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் கதவை மூடி ஹீட்டர் போடுகிறவர்கள்.

இப்போது நான் கராஜை மொத்தமாகச் சுடவைப்பதில்லை. வொர்க்பெஞ்ச் பக்கம் எண்ணெய் நிரம்பிய மின்சார ஹீட்டர், காலுக்கடியில் ரப்பர் மேட், இரண்டு ஜெர்சி. கேஸ் போட்டே ஆக வேண்டிய நாளில் பெரிய கதவு முழங்கால் உயரம் திறந்திருக்கும், பின்சுவரில் மேலே உள்ள ஜன்னலும் திறந்திருக்கும், ஹோஸ் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பற்றவைப்பேன். யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவைத் திறந்து வெளியே இழுங்கள், பிறகு ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனில் 112.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தை ஆளுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குவதைவிட, பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாகக் கேட்டால் விலை குறைப்பார்கள். கோயில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் எழுதுங்கள். பையன்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் இரண்டு எழுதுங்கள், ஒன்று குழிப் பக்கம் மாட்ட.