குளோரோபென்சீன் பண்ணிய கூத்து

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. முட்டி வலிக்குப் பத்துமலையின் 272 படியையும் ஏறி இறங்கச் சொன்னாராமே உன் அம்மா! வீட்டில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அவரைக் கேட்டதாகச் சொல்.

உன் ஆறாம் படிவத்து மாணவி கேட்டது நல்ல கேள்விடா. பென்சீன் வளையத்துக் கார்பனில் ஒரு புரோமின் ஒட்டியதுதான் புரோமோபென்சீன். சோடியம் ஹைட்ராக்சைடோடு கொதிக்க வைத்தாலும் அசையாத அது, மக்னீசியத்தைக் கண்டால் மட்டும் எப்படி மசிந்து, கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவில் மக்னீசியம் புகுந்த கிரிக்னார்ட் சேர்மமாகிறது? ஹைட்ராக்சைடு கார்பனைப் பின்பக்கமாக வந்து தாக்க வேண்டும். அங்கே வளையமே மறித்துக்கொண்டு நிற்கிறது. மக்னீசியம் அப்படித் தாக்குவதில்லை. தன் மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரானைத் தள்ளுகிறது, பிணைப்பு அறுகிறது. அதனால் பிணைப்பின் வலுதான் கணக்கு. வளையத்தில் ஒட்டியிருப்பது அயோடின் என்றால் முந்திக்கொள்ளும், அடுத்து புரோமின், குளோரின் மந்தம். புளோரினிடம் சாதாரண மக்னீசியத்தின் பாச்சா பலிக்காது.

இது தெரிந்தும் போன மாதம் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். புரோமோபென்சீன் தீர்ந்துவிட்டது என்று, குளோரோபென்சீனை மக்னீசியம் கிடந்த ஈத்தர் கரைப்பானில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். வினையைக் கிளப்பிவிட அயோடின் துணுக்கு போட்டேன். பழுப்பு மறைந்தது, அத்தோடு சரி. கண்ணாடிக் கோலால் மக்னீசியச் சுருளை நசுக்கியும் பார்த்தேன். ஈத்தர் 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேற்ற வழியில்லை. நம்ம ஊர் மத்தியான வெக்கையே கிட்டத்தட்ட அதுதானே! குழாய்த் தண்ணீரும் வெதுவெதுப்பு. ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குள் ஐஸ் தண்ணீரைப் பம்ப் வைத்துச் சுற்றவிட்டும் பாதி ஈத்தர் காற்றோடு போனது.

மறுநாள் டெட்ராஹைட்ரோபியூரான் என்ற வேறு கரைப்பானுக்கு மாறினேன். 66 டிகிரி வரை தாங்கும், மக்னீசியத்தையும் ஈத்தரைவிட இறுக்கிப் பிடிக்கும். 1950களில் பிரான்சின் நார்மான் வினைல் ஹாலைடுகளுக்கு (இரட்டைப் பிணைப்புக் கார்பனில் குளோரின், புரோமின் மாதிரி ஒரு ஹாலஜன் ஒட்டியவை) இதைக் கையாண்ட பிறகுதான் மந்தமான ஹாலைடுகளுக்கும் வழி பிறந்தது. இந்த மக்னீசிய வினைக்காகக் கிரிக்னார்ட் 1912இல் நோபல் வாங்கி நாற்பது வருஷம் கழித்து!

ஒன்று சொல்கிறேன், பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல். வினை ஆரம்பிக்கவில்லையே என்று ஹாலைடை மேலும் மேலும் ஊற்றக் கூடாது. திடீரென்று பற்றிக்கொண்டால் குடுவை பொங்கிவிடும். எனக்கும் அன்று ஐஸ் வாளிதான் கைகொடுத்தது.

அந்த மாணவியிடம் இதையும் கேள்: ஒரே வளையத்தில் எதிரெதிராக ஒரு புரோமினும் ஒரு குளோரினும் இருந்தால், ஈத்தரில் எது போகும், எது நிற்கும்? அவள் சொன்ன பதிலை எழுது.

தைப்பூசத்துக்கு இந்த வருஷமாவது தண்ணீர்மலைக்கு வா. உன் முட்டியையும் கூட்டிக்கொண்டு.

உன் பழைய பெஞ்சுக்காரன்