தேவாலயப் பேச்சு பற்றி எல்லாருக்கும்

வணக்கம். தேவாலயங்களைப் பற்றி நேற்று இரவு நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நடந்த வாக்குவாதம் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிரான்ஸ் செய்தியைப் போட்ட தம்பி பொய் சொல்லவில்லை. 1950 முதல் அங்கே கத்தோலிக்கக் குருக்களால் சுமார் 216,000 சிறார்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 2021இல் வந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது, அந்த விசாரணைக்கு ஏற்பாடு செய்ததே அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள்தான். இதைப் பேசினாலே மதத்தைத் தாக்குகிறான் என்று அவன்மேல் பாய்வது சரியில்லை. பாதிக்கப்பட்டதும் சபைப் பிள்ளைகள்தானே?

அதற்காக எல்லாச் சபையும் காசுக்கு ஆள் பிடிக்கிறது என்று ஒரே போடாகப் போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். 2021 டிசம்பர் வெள்ளத்தில் லயத்து வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது, நம் தோட்டத்துத் தகரக்கூரை ஜெபக்கூடத்தின் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுத்தான் வயசானவர்களைப் படுக்க வைத்தோம், மாரியம்மன் கோயில் அண்டாவில் அங்கேயே சோறு வெந்தது.

இந்த வாக்குவாதத்தில் குழுவுக்கு வந்த, யார் பேசியது என்றே தெரியாத ஒலிப்பதிவை அழித்துவிட்டேன். நம் ஜெபக்கூடத்தின் கணக்கு வழக்கில் சந்தேகம் இருந்தால் போதகரிடமே கேளுங்கள், அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.