சுருளிப்பட்டிப் பந்தலுக்குப் புதுச்சேரியிலிருந்து

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் நாம் படித்த அதே லாஸ்பேட்டை தாகூர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வரலாறுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து எடுத்தாள். எனக்கு சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பன்னீர் திராட்சையைப் பிடுங்கிவிட்டு கேபர்னே சாவின்யோன் என்கிற பிரெஞ்சு ஒயின் திராட்சையை நட்டால் ஒயின் கம்பெனிகள் வாசலில் வந்து நிற்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். பிடுங்காதே. இத்தனை வருஷம் ஒயிட் டவுன் உணவகத்தில் ஒயின் ஊற்றிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது அப்படி ஒரே மூச்சில் முடிவெடுக்கிற காரியம் இல்லை.

எங்கள் முதலாளி பரிமாறுகிறவர்களை பெங்களூர் பக்கத்து நந்திமலை அடிவாரத்துக்கு ஒருமுறை கூட்டிப் போனார். தொட்டபள்ளாபுரம் பக்கம் குரோவர் ஒயின் தோட்டம். கன்வல் குரோவர் 1988இல் பிரெஞ்சு நிபுணர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. 2012இல் நாசிக் பக்கத்து நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து குரோவர் சாம்பா ஆனது. அங்கே போனால் உன் பந்தலைத் தேடுவாய். பந்தலே கிடையாது. கம்பி இழுத்து, வேலி மாதிரி நிமிர்ந்து நிற்கிற வரிசைகள். இலைக்கும் குலைக்கும் வெயிலும் காற்றும் சரியாகப் படவேண்டும் என்பதற்காக அப்படி.

ஒரே இடத்திலிருந்து எத்தனை விதம் எடுக்கிறார்கள் என்று பார்த்துதான் நான் அசந்து போனேன். ஷிராஸ் என்கிற கறுப்புத் திராட்சையையே எடுத்துக்கொள். சாறு நிறமில்லாதது, நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது. சில மணி நேரம் மட்டும் தோலோடு வைத்துப் பிழிந்தால் ரோசே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். நாள்கணக்கில் தோலோடு புளிக்கவிட்டால் சிவப்பு. அதில் தேறியதை கேபர்னேயோடு கலந்து ஓக் பீப்பாயில் வைத்தால் அவர்களுடைய 'லா ரிசர்வ்'. வெள்ளை ஒயினுக்கு சாவின்யோன் பிளாங்க், வியோன்யே என்று தனிக் கொடிகள். பொங்குகிற ஒயினுக்குப் புளிப்பு இறங்குவதற்குள் சீக்கிரமே அறுத்துவிட வேண்டும். எந்தப் பாட்டில் ஆகப்போகிறது என்பது கவாத்து வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது. ஆலைக்குள் மீதி வேலைதான்.

இப்போது உன் நிலத்தை நினைத்துப் பார். நந்திமலை அடிவாரம் சுமார் 900 மீட்டர் உயரம், கம்பம் பள்ளத்தாக்கு சுமார் 400. இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றும். உன் ஊரில் அந்தக் குளிர் குறைவு. நாசிக்கில் வருஷத்துக்கு இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. ஏப்ரலில் வெட்டிக் கொடியை வளர்த்து, செப்டம்பர் அக்டோபரில் மறுபடி வெட்டிக் காய்க்கவிட்டு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுக்கிறார்கள். நீயோ வருஷம் முழுக்க யாராவது அறுத்துக்கொண்டே இருக்கிற பள்ளத்தாக்கில் இருக்கிறாய். அது சந்தைக்கு வரம். கேபர்னேவுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

அதற்காகப் பன்னீரில் ஒயின் வராது என்று நினைத்துவிடாதே. அது மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ரகம். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்ததே. கலிஃபோர்னியாவில் இதே பழத்தில் இனிப்பு ஒயின் செய்கிறார்கள், கிரேக்கத்திலும் செய்கிறார்கள். அந்த வாசனை வேறு எந்தப் பழத்துக்கு வரும், சொல்! ஆனால் கணக்கு வேறு. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1 சதவீத ஆல்கஹால். 12 சதவீதம் வேண்டுமென்றால் 200 கிராமுக்கு மேல் இருக்கவேண்டும். லாரிக்கு எடை கூட்டி அனுப்புகிற பழத்தில் அது இருக்காது, சாற்றின் சர்க்கரையை அளக்கிற பிரிக்ஸ் மீட்டர் வைத்து நீயே பார். கொடிக்குப் பாதிக் குலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கூடுதலாகச் சில நாள் தொங்கவிடவேண்டும். தோல் மெல்லிசு, மழை பட்டால் வெடித்துவிடும்; ஆகவே பிப்ரவரி மார்ச்சில் பழுக்கிற பருவம்தான் தோது.

உனக்கு ஒன்று தெரியுமா? நீ பூஞ்சை நோய்க்குத் தெளிக்கிற போர்டோ கலவை ஒயின் தோட்டத்தில் பிறந்ததுதான். பிரான்சில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, ரோட்டோரக் கொடிகளில் மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்கிற பேராசிரியர் கவனித்து, 1885இல் உலகத்துக்குச் சொன்னார்.

போன வாரம் பெரியவள் இங்கே பக்கத்தில் இருக்கிற பழைய துறைமுகமான அரிக்கமேடு போய்வந்து விடாமல் பேசினாள். 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டிய இடம். அங்கே கிடைத்த ரோமானியர் காலத்து மது ஜாடிகளின் வடிவத்தையும் மண்ணையும் வைத்தே இது கிரேக்கத்தின் கோஸ் தீவு ஜாடி, இது இத்தாலி ஜாடி என்று பிரித்துச் சொல்லிவிடுகிறார்களாம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இறங்கிய சரக்குக்கு எந்த ஊருடையது என்கிற அடையாளம் அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆனால் இன்றைக்கு இங்கே சில கடைகளில் சுட்டெரிக்கிற வெயில் படுகிற அலமாரியில் நல்ல ஒயினை நிற்க வைத்துக் கெடுக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் அதை விளைவித்தவன் முகம்தான் மனதில் வரும், வயிறு எரியும்.

ஆகவே இப்படிச் செய். கிழக்குப் பந்தலில் அரை ஏக்கரை மட்டும் ஒதுக்கு. ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், மண்ணைச் சோதனைக்குக் கொடுத்து, குலை குறைப்பதைப் பற்றிக் கேள். வந்து பேசிய ஆளிடம் விலையை எழுத்தில் வாங்கு. எழுதித் தர மறுத்தால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடு. முதலாளியிடம் உன் பழத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், அவருக்கு ஆலைக்காரர்கள் சிலரைத் தெரியும். பிரிக்ஸ் எவ்வளவு வருகிறது என்று தேதி போட்டு எழுதி வை. பொங்கலுக்கு அப்புறம் லீவு போட்டுவிட்டு வருகிறேன், சேர்ந்தே கொடிகளைப் பார்க்கலாம்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்