பையன் வெளியே வந்த மறுநாள்

தமிழக அரசின் சமூகநலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு பையனை வேலைக்குச் சேர்த்தேன். 16 வயசு. பைக் திருட்டில் இரண்டு தடவை பிடிபட்டு, கூர்நோக்கு இல்லம் (வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் இடம்) போய் வந்தவன். சாவியே இல்லாமல் வண்டியைக் கிளப்பத் தெரிந்தவனுக்கு வயரிங் சொல்லித்தர ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நாலு மாதம் ஒழுங்காக வந்தான். அப்புறம் பக்கத்துத் தெருவில் ஒரு வண்டி காணாமல் போனது. அன்று முழுக்க அவன் என் கண்ணெதிரேதான் இருந்தான். ஆனாலும் போலீஸ் நேராக என் கடைக்குத்தான் வந்தது. வாடிக்கையாளர்கள் பார்க்கக் கூட்டிப் போனார்கள். சாயங்காலம் விட்டுவிட்டார்கள், சரி. மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. இரண்டு மாதத்தில் மூன்றாவது வழக்கு. இந்த முறை நிஜமாகவே திருடியிருந்தான். வண்டியைப் பறிகொடுத்தவர் தவணை கட்டிக்கொண்டிருப்பவர். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பழைய வழக்கால் சிறுவனுக்குத் தகுதிக்குறைவு வரக் கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. ஆவணத்தை அழிக்கலாம், ஏட்டையாவின் ஞாபகத்தை எப்படி அழிப்பது? காவல் நிலையத்துக்கு ஒரு குழந்தைகள் நல காவல் அலுவலர் இருக்க வேண்டுமாம். அவர் சீருடையில் வரக் கூடாதாம். என் கடைக்கு வந்தவர்கள் காக்கிச் சட்டையில் வந்தார்கள்.

2022 டிசம்பரில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்தபின், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசு ஒருநபர் குழு அமைத்தது. இல்லத்துக்குள் நடப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது, நல்லது. வெளியே வந்தபின் நடப்பதை யார் பார்ப்பது? அதே சட்டத்தின் 46ஆம் பிரிவு சொல்லும் உதவித்தொகை 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வருகிறவர்களுக்கு. 16 வயதில் ஜாமீனில் வீடு திரும்புகிறவன் அதில் வரமாட்டான். அவன் போய் நிற்பது பழைய தெருவில், பழைய கூட்டாளிகளோடுதான்.

நான் கேட்பது கட்டடம் இல்லை. வெளியே வந்த முதல் ஆறு மாதம், இப்படிப்பட்ட சிறுவர்களைக் கண்காணித்து வழிநடத்தும் நன்னடத்தை அலுவலர் வாரம் ஒருமுறை பையன் வேலை பார்க்கும் இடத்துக்கே வரட்டும். அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும், போலீஸ் அவனைத் தேடி வருமுன் அந்த அலுவலருக்கு ஒரு போன் போடட்டும். வேலை கற்கும் நாட்களுக்குச் சிறிய உதவித்தொகை கிடைத்தால் நல்லது. முதல் மாதச் சம்பளம் வருவதற்குள்தான் பழைய சகவாசம் கூப்பிடும்.

அடுத்த மாதம் வெளியே வருகிறான் என்று அவன் அம்மா சொன்னார். வேலை காத்திருக்கிறது. கடை காலை 9 மணிக்குத் திறக்கும். உங்கள் அலுவலரும் கூட வந்தால் டீ என் செலவு.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்