எனக்கு இடது கால் இல்லை, ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை இருக்கிறது

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு எந்த கியர்பாக்ஸ் வைப்பது என்று முடிவெடுக்கும் உங்கள் அனைவருக்கும்,

வணக்கம். மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இன்றும் அதே ஊரில் இருப்பவன் எழுதுகிறேன். இடது காலால் கிளட்ச் மிதித்து, கையால் கியர் மாற்றும் மேனுவலுக்கு நான் எதிரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் அவர் கியரை இறக்கும் சத்தம் லயம் வரைக்கும் கேட்கும், அம்மா அதைக் கேட்டுத்தான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். எனக்குப் பழைய கஞ்சில் காரில், மண் சடக்கில், கிளட்ச் பழக்கியவரும் அவர்தான். "மீட்டரப் பாக்காத தம்பி, என்ஜின் என்ன கேக்குதுன்னு கேளு" என்பார்.

24 வயதில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது விபத்து. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது செயற்கைக் கால், கியர் தானே மாறும் ஆட்டோ மைவி கார். வலது கால் நன்றாகவே இருக்கிறது, பிரேக்கும் எண்ணெய்யும் (ஆக்சிலரேட்டர்) மிதிக்க அது போதும். கிளட்ச் மட்டும் முடியாது. அதாவது நீங்கள் "மேனுவல் மட்டும்" என்று எழுதும் ஒவ்வொரு காரும் என்னைப் போன்றவர்களுக்குச் மூடிய கதவு.

ஹோண்டா சிவிக் காரின் ஸ்போர்ட்ஸ் வகையான டைப் ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் முதல் டைப் ஆர் சிவிக் வந்ததிலிருந்து இன்றுவரை மேனுவல்தான். ஆட்டோ வைத்தால் எடை கூடும், செலவு கூடும், ஓட்டுபவருக்கும் வண்டிக்கும் உள்ள நெருக்கம் போய்விடும் என்று காரணம் சொல்கிறார்கள். சரி, ஆனால் காலால் ஓட்ட முடியாதவர்கள் கையாலேயே ஓட்டுவதற்கு 1976-இல் டெக்மேடிக் என்ற அமைப்பைக் கொண்டுவந்ததும் இதே ஹோண்டாதான், அதைப் பொருத்தியதும் சிவிக்கில்தான். கை இல்லாதவர்கள் காலாலேயே ஓட்டுவதற்கும் 1980-களில் வழி செய்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனசு இருந்த இடத்தில், அதே பெயர் கொண்ட காரின் மிகச் சிறந்த வகையில் மட்டும் எங்களுக்கு ஏன் இடமில்லை? ஹோண்டாவின் புதிய பிரிலூட் காரில் கிளட்ச் மிதி கிடையாது, டைப் ஆரின் முன் சஸ்பென்ஷனும் அதில் இருக்கிறது, தெரியும். ஆனால் அது பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட், டைப் ஆரின் டர்போ என்ஜின் அதில் இல்லையே.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. டொயோட்டாவின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஜிஆர் யாரிஸ் 2020-இல் வந்தபோது 6 கியர் மேனுவல் மட்டும்தான். அப்புறம் 8 கியர் ஆட்டோ ஒன்றைப் பந்தயங்களில் ஓட்டிப் பழக்கி, 2024-இல் மேனுவலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். மேனுவல் வேண்டியவருக்கு அது அப்படியே இருக்கிறது, அவர்கள் எதையும் இழக்கவில்லை.

போர்ஷேயில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2013-இல் 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் காரை, கிளட்ச் மிதி இல்லாத இரட்டை கிளட்ச் ஆட்டோவில் மட்டும் விற்றார்கள், அதுதான் வேகம் என்று. மேனுவல் பிரியர்கள் கொதித்தார்கள். 2016-இல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர் வந்தது, வெறும் 991 கார்கள். 2017-இல் ஜிடி3-யிலேயே மேனுவலும் கிடைத்தது. ஓட்டுகிறவன் தேர்ந்தெடுக்கட்டும் என்று அன்று அவர்கள் கேட்டது நியாயம், நானும் அவர்கள் பக்கம்தான். இன்று நான் கேட்பதும் அதே வார்த்தைதானே.

கால் இல்லாதவன் அப்படி என்ன ஓட்டிவிடப் போகிறான் என்று யாராவது நினைத்தால், பந்தயக் கார் ஓட்டுநர் அலெக்ஸ் சனார்டியை நினைத்துப் பாருங்கள். 2001-இல் பந்தய விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர், 2005-இல் மாற்றி அமைத்த பிஎம்டபிள்யூவில் உலக டூரிங் கார் போட்டியில் ஜெயித்தார்.

கிளட்சைக் கையால் இயக்கும் கருவிகள் வெளிநாட்டில் கிடைக்கின்றன, எனக்கும் தெரியும். ஆனால் புதிய காரைப் பிரித்து அதை மாட்டச் சொல்வதும், கம்பெனியே ஆட்டோவாகச் செய்து தருவதும் ஒன்றா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கார்களைப் புதிதாக வாங்கும் வசதி எனக்கு இல்லை, எங்கள் ஊரில் யாருக்கும் அனேகமாக இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடி, விலை இறங்கி, பழைய கார் கடைக்கு வரும்போதுதான் நாங்கள் வாங்குவோம். எங்கள் நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ அப்படித்தான் எங்கள் வட்டாரத்துக்கு வந்தது. 1.8 லிட்டர், இங்கிலாந்தின் லோட்டஸ் கார் கம்பெனி கை வைத்த சஸ்பென்ஷன், அதுவும் மேனுவல் மட்டுமே. என் பெரியப்பா மகன் இன்னும் ஒன்று வைத்திருக்கிறார். விபத்துக்கு முன் அதை நான் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை வரை ஓட்டியிருக்கிறேன், இப்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறேன், அண்ணன் கியர் மாற்றும்போதெல்லாம் இல்லாத கால் கிளட்சைத் தேடுகிறது. ஆகவே நீங்கள் இன்றைக்குச் செய்யாத ஆட்டோ, இன்னும் பத்து வருடம் கழித்து ஈப்போவில் எந்தக் கடையில் தேடினாலும் எனக்குக் கிடைக்காது.

அடுத்த காரை இப்போதே உங்களில் யாரோ வரைந்துகொண்டிருப்பீர்கள். மேனுவலை எடுத்துவிடாதீர்கள், என் அப்பாவே வருத்தப்படுவார். அதன் பக்கத்தில் இரண்டே மிதி உள்ள ஒன்றையும் வையுங்கள். அது விலை இறங்கி எங்கள் ஊருக்கு வரும்வரை நான் காசு சேர்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு லோரிக்காரர் மகன்